பச்சைப் புள்ளி சொல்லாத பதில்

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: தெற்கு தில்லியில் பெரிய மருத்துவமனை ஒன்றின் எதிரே வரிசையாக உள்ள மருந்துக் கடைகளுள் அதுவும் ஒன்று. இரவு 10 மணியைத் தாண்டியும் கூட்டம் குறையவில்லை. ராஜஸ்தானைச் சேர்ந்த சமண இளைஞர் ஒருவர் பால் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைச் செல்பேசி வெளிச்சத்தில் படிக்க முயன்றுகொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகிறது. தாய் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அவர் தேறும் வரை குழந்தைக்குக் கொடுப்பதற்காக மருத்துவர் எழுதித் தந்த சீட்டு அந்த இளைஞரின் சட்டைப் பையில் இருந்தது.

"பையா, இதில் மீன் எண்ணெய் ஏதாவது சேர்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"பச்சைப் புள்ளி போட்டிருக்கிறதே, சைவம்தான்" என்றார் கடைக்காரர்.

"டிஎச்ஏ என்று எழுதியிருக்கிறதே, அது எதிலிருந்து எடுப்பது? டி3 என்பது எதிலிருந்து?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அடுத்தவர் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டார்.

இளைஞர் சிறிது நேரம் நின்றார். பிறகு பணத்தைக் கொடுத்துவிட்டு டப்பாவுடன் சாலையைக் கடந்தார். குழந்தையின் பசிக்கு வாதப் பிரதிவாதம் தெரியாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்விகள் அந்தக் கடையோடு முடிந்துவிடுபவை அல்ல. கோடிக்கணக்கான சைவ உணவுக் குடும்பங்கள் வாழும் நாட்டில், ஒரு குழந்தையின் வாயில் முதலில் வைக்கப்படும் உணவு எதனால் ஆனது என்பதைப் பெற்றோர் அறிய முடிகிறதா என்பதே அக்கேள்விகளின் சாரம்.

புள்ளி வந்த வரலாறு

உணவுப் பொட்டலங்களின் மீது சதுரத்துக்குள் வட்டமிட்ட அடையாளம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அப்போது நடைமுறையில் இருந்த உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் 2000-ம் ஆண்டு அசைவ உணவுக்கும், 2001-ம் ஆண்டு சைவ உணவுக்கும் அடையாளக் குறி கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதும் இந்தக் குறிகள் தொடர்ந்தன. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் வேறுபாட்டை உணர வேண்டும் என்பதற்காக, 2020-ம் ஆண்டின் விதிகளில் அசைவத்துக்கான பழுப்பு வட்டம் முக்கோணமாக மாற்றப்பட்டது.

எது அசைவம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் விரிவானது. விலங்கு, பறவை, நீர்வாழ் உயிரினம் ஆகியவற்றின் உடலோ உடலின் பகுதியோ, முட்டையோ, விலங்கிலிருந்து பெறப்படும் எந்தப் பொருளோ உணவில் சேர்ந்திருந்தால் அது அசைவம். பாலும் பால் பொருள்களும் மட்டும் தொடக்கத்திலிருந்தே விலக்குப் பெற்றிருந்தன. 2020-ம் ஆண்டின் விதிகளில் தேன், தேன்மெழுகு, அரக்கு போன்றவையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்தன.

பாலை விலக்குப் பட்டியலில் வைத்தது இந்திய மரபை ஒட்டிய முடிவு. பசும்பாலையும் நெய்யையும் சைவமாகக் கொள்ளும் குடும்பங்களுக்கு அதில் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல், பாலோடு சேரும் பிற பொருள்களில்தான் தொடங்குகிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

குழந்தைகளுக்கான பால் பவுடர் என்பது வெறும் உலர்த்திய பால் அன்று. பசும்பாலில் உள்ள புரதமும் தாது உப்புகளும் பிறந்த குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிகம். இரும்புச் சத்தோ குறைவு. எனவே தாய்ப்பாலின் சேர்மானத்தை நெருங்கும் வகையில் பால் புரதத்தின் விகிதம் மாற்றப்படுகிறது. பால் கொழுப்புக்குப் பதிலாகவோ அதனுடனோ தாவர எண்ணெய்கள் கலக்கப்படுகின்றன. வைட்டமின்களும் தாது உப்புகளும் அளந்து சேர்க்கப்படுகின்றன.

இவற்றுள் ஐயத்துக்கு இடம் தருபவை மூன்று.

முதலாவது, பாலாடைக்கட்டி திரண்டபின் மிஞ்சும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கப்படும் புரதம். ஆலைக்காரர்கள் இதை 'வே' என்பர். பாலாடைக்கட்டியைத் திரள வைக்கப் பழங்காலம் முதல் பயன்பட்டு வந்தது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் 'ரென்னட்' என்ற நொதி. இன்று பூஞ்சைகளிலிருந்து பெறப்படும் நொதிகளும், நுண்ணுயிர்களை நொதிக்க வைத்துத் தயாரிக்கப்படும் நொதியும் பெருமளவில் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. இந்தியத் தர விதிகளின்படி இங்கு பாலாடைக்கட்டி தயாரிக்க விலங்கு சாராத நொதியையே பயன்படுத்த வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் டப்பாவின் மீது 'வே புரதம்' என்ற பெயர் மட்டுமே இருக்கும். எந்த நொதி என்பது இராது.

இரண்டாவது, டிஎச்ஏ எனப்படும் கொழுப்பு அமிலம். மூளை, விழித்திரை ஆகியவற்றின் வளர்ச்சியில் இதற்குப் பங்கு உண்டு. இதை மீன் எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம். முட்டைக் கருவின் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்பாசியிலிருந்தும் எடுக்கலாம். பாசி எண்ணெயையும், இதனுடன் சேர்க்கப்படும் ஏஆர்ஏ என்ற அமிலத்துக்கான பூஞ்சை எண்ணெயையும் குழந்தை உணவில் பயன்படுத்த 2001-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தடை நீங்கியது. அதாவது சைவ வழி இருக்கிறது. எந்த வழியில் வந்தது என்பதை டப்பா சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, வைட்டமின் டி3. செம்மறி ஆட்டின் ரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் மெழுகு 'லானோலின்' எனப்படுகிறது. அதிலிருந்து கொழுப்புப் பொருளைப் பிரித்து, வேதி மாற்றம் செய்து, புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் டி3 கிடைக்கும். உலகில் விற்பனையாகும் டி3-ல் பெரும்பகுதி இவ்வழியில் வருவதே. கல்பாசியிலிருந்தும் டி3 எடுக்க முடியும். ஈஸ்ட், காளான் போன்றவற்றில் கதிர் பாய்ச்சி டி2 என்ற மாற்று வடிவத்தையும் பெறலாம்.

ரோமத்தைக் கத்தரிப்பதால் ஆடு இறப்பதில்லை என்பதால் சைவ உணவினர் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம் 'விலங்கிலிருந்து பெறப்படும் எந்தப் பொருளும்' என்கிறது. 2020-ம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளின் விலக்குப் பட்டியலில் பாலும் தேனும் அரக்கும் உள்ளனவே தவிர, கம்பளி மெழுகின் பெயர் இல்லை. 2018-ம் ஆண்டு செறிவூட்டப்பட்ட உணவுகளுக்கான விதிகளை வகுத்தபோது, பாலிலும் சமையல் எண்ணெயிலும் சேர்க்கும் வைட்டமின் டி தாவர மூலத்திலிருந்தே வர வேண்டும் என்று அதே ஆணையம் நிபந்தனை விதித்தது. வீட்டில் தாளிக்கும் எண்ணெய்க்குக் காட்டிய அக்கறையை, பச்சிளம் குழந்தையின் டப்பா மீது மூலத்தை அச்சிடுவதிலும் காட்டலாமே என்று கேட்பதில் தவறு இருக்க முடியாது.

பெயர்கள் மறைப்பதும் உண்டு. வீணாக அச்சுறுத்துவதும் உண்டு. 'டாரின்' என்ற சத்து முதன்முதலில் 1827-ல் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. 'கார்னிட்டின்' என்ற பெயர் இறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று இரண்டும் ஆலையில் வேதி முறையிலோ நொதித்தல் முறையிலோ தயாரிக்கப்படுகின்றன. அகராதியைப் பார்த்துவிட்டு அஞ்சி டப்பாவைத் தூர வைப்பவர்களும் இருக்கிறார்கள். மூலத்தை ஒரு வரியில் அச்சிட்டால் இரு தரப்பினருக்கும் விடை கிடைத்துவிடும்.

உயர் நீதிமன்றம் கூறியது

இப்பிரச்னை நீதிமன்றத்துக்கு வராமல் இல்லை. தாம் பயன்படுத்தும் பொருளில் விலங்கு சார்ந்தது கலந்துள்ளதா என்று அறியும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என 2002-ம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் ஓசைர் ஹுசேன் வழக்கில் தீர்ப்பளித்தது. அழகுசாதனப் பொருள்களும் மருந்துகளும் பற்றிய வழக்கு அது. அந்தத் தீர்ப்பை 2013-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் உணவைப் பொருத்தவரை நிலைமை வேறு. பசுப் பாதுகாப்புக்கான அறக்கட்டளை ஒன்று தொடுத்த வழக்கில், 2021-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி நீதிபதிகள் விபின் சாங்கி, ஜஸ்மீத் சிங் ஆகியோரைக் கொண்ட தில்லி உயர் நீதிமன்ற அமர்வு விரிவான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் போன்றவற்றில் சுவை கூட்டச் சேர்க்கப்படும் டைசோடியம் இனோசினேட் என்ற பொருள் இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ தயாரிக்கப்படுவது வழக்கம் என்றாலும், பொட்டலத்தில் குறியீட்டு எண் மட்டுமே அச்சிடப்படுவதை அமர்வு சுட்டிக்காட்டியது.

சேர்க்கப்படும் பொருளின் அளவு எவ்வளவு சிறியதாயினும், அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் தயாரானதா என்பதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. உண்பது இன்னதென அறியும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 21, 25 ஆகிய பிரிவுகளோடு அது இணைத்துப் பேசியது. இதையடுத்து அதே மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் சுற்றறிக்கை வெளியிட்டது.

நூடுல்ஸை வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியும். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு டப்பாவை ஒதுக்க முடியாது. அவ்வகையில் இந்த உத்தரவின் பயன் முதலில் சென்றடைய வேண்டிய இடம் பால் பவுடர் அலமாரிதான்.

விளம்பரத் தடை சரியே

மூலத்தைக் கேட்டால் நிறுவனங்கள் விளம்பரத்துக்கு வழி கேட்கும் என்ற அச்சம் குழந்தைகள் நல ஆர்வலர்களிடையே உள்ளது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

வளரும் நாடுகளில் பால் பவுடர் நிறுவனங்கள் செய்த விற்பனைத் தந்திரங்கள் 1970-களில் உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாகின. சுத்தமான நீர் இல்லாத வீடுகளில், காசு மிச்சம் பிடிக்க மாவைக் குறைத்துக் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்குக்கும் சத்துக் குறைவுக்கும் பலியாயினர். 1981-ல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவு விற்பனைக்கான சர்வதேச நெறிமுறையை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1983-ல் தேசிய நெறிமுறையை ஏற்று, 1992-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2003-ம் ஆண்டு வாஜ்பாய் ஆட்சிக் காலத்தில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி மேலும் கடுமையாக்கியது.

இச்சட்டப்படி இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான உணவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரிகள் தரக் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்கு அன்பளிப்பு கூடாது. டப்பாவின் மீது தாய், குழந்தை படம் இருக்கக் கூடாது; தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். மீறினால் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

இந்தத் தடை தளரக் கூடாது. 'சைவத் தாய்மார்களின் தேர்வு' என்று ஒரு விளம்பரம் வந்தால் அது தாய்ப்பாலுக்கே போட்டியாகும். 2019-21-ம் ஆண்டுகளில் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் பெறுகின்றனர். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம். இந்த எண்ணிக்கை உயர வேண்டுமே தவிர, பச்சைப் புள்ளியின் பெயரால் குறைந்துவிடக் கூடாது.

ஆனால் விளம்பரம் வேறு, வெளிப்படுத்தல் வேறு. டப்பாவின் முன்புறம் மயக்கும் வாசகம் எழுதுவது விளம்பரம். பின்புறம் சேர்மானப் பட்டியலில் 'டிஎச்ஏ (நுண்பாசி)', 'வைட்டமின் டி3 (கம்பளி மெழுகு)' என்று அச்சிடுவது தகவல். முதலாவதைத் தடுக்கும் 1992-ம் ஆண்டுச் சட்டமும், இரண்டாவதைக் கோரும் 2021-ம் ஆண்டு உத்தரவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

டப்பாவை நாடும் தாய்மார்கள் எல்லாம் சோம்பலால் நாடுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. 2017-ம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்த மகப்பேறு விடுப்பு, வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்களுக்கு எட்டாக்கனி. நோய், உட்கொள்ளும் மருந்து, தாயின் மறைவு, தத்தெடுப்பு எனக் காரணங்கள் பல. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் தகவலைத் தருவதே நாகரிகம்.

பாலையும் விலக்குவோர்

பாலையும் நெய்யையும் தேனையும்கூட விலக்கும் 'வீகன்' எனப்படும் நனிசைவர்கள் தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் பெருகி வருகின்றனர். 2022-ம் ஆண்டு அவர்களுக்கான உணவு விதிகளை ஆணையம் தனியே வெளியிட்டு, தனி முத்திரையும் அறிமுகம் செய்தது. ஆனால் பச்சிளம் குழந்தை விஷயத்தில் அவர்களது பாடு மிகவும் திண்டாட்டம்.

தாய்ப்பால் அவர்களது கொள்கைக்கு முரணன்று. தாய் மனமுவந்து தருவது என்பதால் அதில் எந்த உயிருக்கும் தீங்கில்லை. அது கிடைக்காதபோதுதான் கேள்வி எழுகிறது. சோயா புரதத்தைக் கொண்டு தயாரிக்கப்படும் குழந்தை உணவு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பசும்பால் சேராத இந்த உணவை, பாலின் ஒரு வகைச் சர்க்கரையைச் செரிக்க இயலாத 'காலக்டோசீமியா' நோயுள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது வழக்கம். பெற்றோர் சைவ உணவு முறையை விரும்பும் நிலையிலும் இதைப் பயன்படுத்தலாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008-ல் கூறியது. அதே வேளையில், குறைமாதக் குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று எனவும் எச்சரித்தது. சோயா உணவிலும் டி3 பெரும்பாலும் கம்பளி மெழுகிலிருந்தே வருவதால், முழு நனிசைவ டப்பா என்பது அரிதினும் அரிது.

இங்கேதான் ஆபத்தான ஒரு குறுக்கு வழி காத்திருக்கிறது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் சோயா பானம், பாதாம் பால், ஓட்ஸ் பால், அரிசிப் பால் ஆகியவை பெரியவர்களுக்கான பானங்கள். குழந்தைக்கான சோயா உணவுக்கும் இவற்றுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்கு இவற்றை முதன்மை உணவாகத் தருவது உயிருக்கே உலை வைக்கும். பெல்ஜியத்தில் 7 மாதக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோர் தாங்களே முடிவு செய்து, மருத்துவரிடம் காட்டாமல் தானியப் பால்களையே கொடுத்து வந்தனர். 2014-ல் அக்குழந்தை இறந்தபோது எடை ஏறத்தாழ 4.3 கிலோ. 2017-ல் நீதிமன்றம் பெற்றோரைக் குற்றவாளிகள் என அறிவித்தது.

மற்றொரு பாடம் நம் வேலூரில் இருந்தே வந்தது. சைவ உணவு உண்ணும் தாய்மாரின் பாலை மட்டுமே அருந்திய குழந்தைகள் சிலருக்கு ரத்த சோகை, மந்த நிலை, கற்ற அசைவுகளை மறத்தல், உடல் நடுக்கம் ஆகியவை தோன்றுவதற்கு வைட்டமின் பி12 குறைவே காரணம் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1962-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். உலக மருத்துவ நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. தாய்க்கு பி12 இருந்தால்தான் தாய்ப்பாலில் பி12 இருக்கும். சைவத் தாய், குறிப்பாக நனிசைவத் தாய், கர்ப்ப காலத்திலேயே பி12 அளவைச் சோதித்து மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்வது குழந்தைக்குச் செய்யும் முதல் கடமை. பி12 மாத்திரைக்கான சத்து நுண்ணுயிர் நொதித்தலில் தயாராவது என்பதால் கொள்கைக்கும் குந்தகமில்லை.

மாட்டின் தீவனம் தெரியும், டப்பா தெரியாது

இதில் ஒரு முரண் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பால் பொருள் இறக்குமதி செய்ய வேண்டுமானால், அந்தப் பாலைத் தந்த மாட்டுக்கு விலங்கின் உள்ளுறுப்பு, ரத்த மாவு போன்றவை தீவனமாகத் தரப்படவில்லை என்ற சான்று வேண்டும் என இந்தியா பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. 2025-ல் அமெரிக்காவுடன் நடந்த வர்த்தகப் பேச்சில் 'அசைவப் பால்' என்ற சொல் தலைப்புச் செய்தி ஆனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்களின் சமய உணர்வைக் காரணம் காட்டி வல்லரசு ஒன்றிடம் உறுதியாக நின்றது அரசு.

அதேபோல், 2016-ல் மகளிர் மற்றும் குழந்தைகள் நலத் துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தி, மருந்துக் கூடுகளில் உள்ள ஜெலட்டினுக்குப் பதிலாகத் தாவரப் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று சுகாதார அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். 1992-ம் ஆண்டின் குழந்தை உணவுச் சட்டத்தைக் கவனிப்பதும் அந்தத் துறைதான். மருந்துக் கூட்டின் மூலம் பற்றி அக்கறை காட்டிய அலுவலகத்துக்குப் பால் டப்பாவின் மூலம் பற்றி அக்கறை காட்டுவது கடினமாக இருக்காது.

இந்தியாவுக்கு இதில் திறமைக் குறைவும் இல்லை. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கருதிய 1950-களில், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதற்கான முறையை உருவாக்கியது. ஆனந்தில் உள்ள அமுல் கூட்டுறவு நிறுவனம் அதை ஆலை அளவில் செய்து காட்டியது. அந்த நிலையத்துக்கும் அந்தக் கூட்டுறவுக்கும் தாவர வைட்டமின் டி கொண்டு குழந்தை உணவு தயாரிப்பது மலையைப் பெயர்க்கும் வேலை அன்று.

பெற்றோர் செய்யக் கூடியது

சட்டம் திருந்தும் வரை குழந்தை காத்திருக்காது. எனவே பெற்றோர் சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது.

தாய்ப்பால் சுரப்பில் குறை என்று தோன்றினால் முதலில் தாய்ப்பாலூட்டும் ஆலோசகரையோ குழந்தை மருத்துவரையோ பார்க்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் சரியான முறையில் பாலூட்டக் கற்றுக்கொடுப்பதாலேயே தீர்கின்றன. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி உள்ளதா என்று கேட்கலாம். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 2017 முதல் அத்தகைய வங்கி உள்ளது. தாய்ப்பாலை விலைக்கு விற்போரை நாட வேண்டாம். அவ்வாறு விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என 2024 மே மாதம் ஆணையம் எச்சரித்துள்ளது.

பால் பவுடர் தேவை என்று மருத்துவர் சொன்னால், பச்சைக் குறியைப் பார்ப்பதோடு நில்லாமல் ஒவ்வாமை எச்சரிக்கை வரியையும் படிக்க வேண்டும். மீன், முட்டை ஆகியவை இருந்தால் அந்த வரியில் குறிப்பிடுவது கட்டாயம். டி3, டிஎச்ஏ, 'வே' ஆகியவற்றின் மூலத்தை அறிய டப்பாவில் உள்ள வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதி, எழுத்து வடிவில் பதில் கேட்கலாம். பிரசவத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் நள்ளிரவில் கடை வாசலில் தவிக்க வேண்டியதில்லை.

சுத்தமும் அளவும் மூலத்தைவிட முக்கியம். மாவு கிருமி நீக்கப்பட்டது அன்று. கொதிக்க வைத்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கரைத்து, பிறகு ஆற வைத்துப் புகட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டப்பாவுடன் வரும் கரண்டி அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. புட்டியைவிடக் கிண்ணமோ பாலாடையோ கழுவ எளிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தை ஆராய்வதற்காக ஒரு வேளை உணவையும் தள்ளிப்போடக் கூடாது. இயன்ற வரை, நடைமுறைக்கு ஒத்த வரை என்பதையே நனிசைவ இயக்கமும் தனது விளக்கத்தில் ஏற்றுக்கொள்கிறது. உயிரைக் காக்கும் உணவு அந்த எல்லைக்கு உட்பட்டதே.

நாடாளுமன்றத்தின் முன்

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் அன்று. குழந்தை உணவின் சேர்மானப் பட்டியலில் வைட்டமின் டி, கொழுப்பு அமிலங்கள், நொதிகள் ஆகியவற்றின் மூலத்தை அடைப்புக்குறிக்குள் அச்சிட வேண்டும் என்று ஆணையம் விதி ஒன்று வகுத்தால் போதும். அனுமதி பெற்ற ஒவ்வொரு டப்பாவின் மூல விவரத்தையும் ஆணையமே பொதுவில் வெளியிடலாம். அதை நிறுவனம் வெளியிட்டால் விளம்பரம் ஆகிவிடும். அரசு வெளியிட்டால் ஆகாது. கம்பளி மெழுகு சைவமா அசைவமா என்பதையும் விதியின் வாசகத்திலேயே தெளிவாக்கிவிட்டால் நிறுவனங்களுக்கும் குழப்பம் தீரும். இறைச்சி உண்ணும் குடும்பங்களுக்கும் இதனால் நட்டமில்லை. மீனோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத குழந்தையின் பெற்றோருக்கு லாபமே. ஒருவர் என்ன உண்ண வேண்டும் என்று கட்டளையிடும் அரசியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்பது என்னவென்று சொல்லும் நேர்மை மட்டுமே இங்கு கேட்கப்படுவது.

மறுநாள் காலை அதே கடை வாசலில் அந்த இளைஞரை மீண்டும் காண நேர்ந்தது. தாய் கண் விழித்துவிட்டதாகவும், குழந்தை மாலையில் தாயிடம் கொடுக்கப்படும் என்றும் மகிழ்ச்சியுடன் சொன்னார். டப்பாவைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சற்று மாறியது.

"குழந்தை பசியாறியது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெரியவனானதும், முதலில் எனக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவன் கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?" என்றார்.

அந்தப் பதில் அவரிடம் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. டப்பாவைத் தயாரித்தவரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தரும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது.